ஒரு டம்ளரின் கனம்

ஏழாவது தடவையும் டம்ளர் தண்ணீர் கூரையைப் பார்த்துப் பறந்தது. மேசையில் பூட்டியிருந்த இரும்புக்கை ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அந்தரத்தில் நின்றது. புரோகிராம் எழுதுகிற பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். இரும்புக்கைக்குப் பக்கத்தில், ஒயர் கோத்த தொப்பியோடு நனைந்து உட்கார்ந்திருந்தவரைக் குடோனில் நூறுகிலோ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருசம் மூட்டை தூக்கியவர். லாரிக்கும் சுவருக்கும் நடுவில் வலது கை போய் இரண்டு வருசமாகிறது.

நாலு மாதமாக இந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு வருகிறார். அவர் மூளை மாதிரியே ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தாள் அந்தப் பெண். அவர் மனசுக்குள் கையை அசைத்தால் அந்தப் போலி மூளை அதை வாங்கி இரும்புக்கையை அசைக்கும். மடக்க, நீட்ட, பிடிக்க எல்லாம் வந்துவிட்டது. தூக்க மட்டும் வரவில்லை. சிந்தாமல் தூக்கினால்தான் கையை வீட்டுக்குக் கொடுப்பார்கள். இன்று சாயங்காலத்துக்குள் ஆகவில்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். குடோனில் மூட்டை தைக்கிற வேலையை மேஸ்திரி இவருக்கென்று பிடித்து வைத்திருந்தார். மூட்டையின் வாயை ஒரு கை பிடிக்க, மறு கை தைக்க வேண்டும். ஒற்றைக் கையோடு போய் அங்கே உட்கார்ந்து என்ன செய்ய?

"வேகத்தப் பாதியா குறைச்சிட்டேண்ணா. இன்னும் குறைச்சா நகரவே மாட்டேங்குது. உங்க தலையிலேருந்து வர்ற சிக்னலே அவ்ளோ பெருசா இருக்கு. ஏதாவது கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா. தூக்குங்கற, தூக்குறேன்."

சுவரோரம் துணிப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி இவ்வளவு நேரமும் டம்ளரைப் பார்க்கவில்லை. புருசனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் குதிகாலை ஊன்றுகிறார், வயிற்றை எக்குகிறார், கழுத்து நரம்பு புடைக்கிறது.

"ஏங்க, அந்த டம்ளர் எவ்ளோ கனம் இருக்கும்?"

"கால் கிலோ. ஏன்?"

"அதுக்கு எதுக்கு மூட்டைக்கு மாதிரி மூச்சுப் பிடிக்கிறீங்க?"

தூக்குவதென்றால் அவர் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பெண்ணின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் அப்படியே நின்றன.

"நாலு மாசமா நான் எழுதுனதுலதான் தப்புன்னு தேடிட்டிருந்தேங்க்கா," என்றாள் மெதுவாக. பிறகு டம்ளரை நிரப்பி வைத்தாள். "அண்ணா, தூக்காதீங்க. லேசா ஏதாவது செய்வீங்கல்ல, கை தானா செய்யறது. அத நெனச்சுக்கோங்க."

யோசித்தார். லாரி வந்துவிட்டால், பாதி பிடித்த சிகரெட்டை அணைத்து, தூள் உதிராமல் இரண்டு விரலால் எடுத்துக் காதில் செருகிக்கொள்வார். ஒரு நாளும் அதற்கு மூச்சுப் பிடித்ததில்லை.

இரும்புக்கை டம்ளரை எடுத்தது. தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஒரு சொட்டு சிந்தவில்லை. பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கை அதோடு நிற்கவில்லை. வளைந்து, ஆடாமல் அசையாமல் மேலே ஏறி, அவருடைய வலது காதோரம் வந்து நின்றது.

மனைவி அந்தக் காதையே பார்த்தாள்.

"விட்டுட்டேன்னு சொன்னீங்க."

"விட்டுட்டேன்டி. கைக்கு இன்னும் சொல்லல."

சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. சிரித்தால் குலுங்கும், குலுங்கினால் சிந்தும். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். காதோரம் டம்ளர் நிறையத் தண்ணீர், ஜன்னல் வெளிச்சத்தைப் பிடித்தபடி, தளும்பாமல் நின்றுகொண்டிருந்தது.