முன்னுரைக்காரன் சொன்ன ‘நான்’

படுதாவின் கிழிசல் வழியாக ஹெர்மியோ கூட்டத்தைப் பார்த்தான். திருவிழாவுக்காக ரோமில் மூன்றே நாளில் அடித்து நிறுத்திய பலகை மேடை அது. முன்வரிசையில் தளபதி தன் மகன்களோடு வந்து உட்கார்ந்திருந்தார். காது மந்தமாம், நாற்காலியை மேடையை ஒட்டியே இழுத்துப் போடச் சொல்லியிருந்தார்.

நாடகம் தொடங்குமுன் ஒருவன் தனியாக வந்து, எழுதியவர் இடத்தில் நின்று, எழுதியவராகவே பேச வேண்டும். ‘நான்’ என்று ஆரம்பித்துக் கவிஞர் நூமிசியஸின் வீம்பையெல்லாம் கொட்ட வேண்டும். நான்கு வருடமாக அது ஹெர்மியோவின் வேலை. கால் கட்டைவிரல்கூடத் தனக்குச் சொந்தமில்லாத அடிமைக்கு, ஊர் முழுக்கக் கேட்க ‘நான்’ என்று சொல்லக் கிடைப்பது லேசான காரியமா? சந்தையில் மீன்காரிகள் அவனைக் ‘கவிஞரே’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். முறைத்துக்கொண்டே போவான். உள்ளுக்குள் அது அவனுக்குப் பிடித்திருந்தது.

மற்றவர்களின் வசனமெல்லாம் மெழுகுப் பலகையில் எழுதி வந்தது. இந்த முறை முன்னுரையை மட்டும் நூமிசியஸ் எழுதித் தரவில்லை. அவனை ஆற்றங்கரையில் நடக்க வைத்து வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தார். தன் மேல் அவ்வளவு நம்பிக்கை என்று ஹெர்மியோ பூரித்துப் போனான். கடைசி வரிகளை நேற்றுதான் சேர்த்தார். ‘எதிரியின் முதுகைத்தான் பார்த்தேன் என்கிறார் நம் தளபதி. எதிரியைக் கேட்டேன், அவனும் அதையேதான் சொல்கிறான்.’ ஹெர்மியோ வாய்விட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகுதான் பயந்தான்.

வரிகளை விழுங்கினால், அவனை விலைக்கு வாங்கிய நாடகக் குழு முதலாளி தோலை உரித்து மாவு அரைக்கும் எந்திரக்கல் சுற்ற அனுப்பிவிடுவான். அங்கே போய்த் திரும்பியவர்கள் யாருமில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதைக் குழல்காரன் டோரோ இன்று காலையில் சொல்லிவிட்டான். அவனும் அடிமைதான்.

“அவர் ஏன் எழுதித் தரலன்னு யோசிச்சியாடா? தளபதி வழக்குப் போடுவார், எழுத்து இருந்தா அதக் காட்டிருவாங்க. அவர்தான் சொல்லிக் குடுத்தார்ங்கறதுக்கு இப்ப இருக்கற ஒரே சாட்சி நீதான்.”

“கேட்டா உள்ளதச் சொல்லிட்டுப் போறேன்.”

“அடிமைய எப்படிக் கேப்பாங்க?”

இந்த ஊர் வழக்குமன்றத்தில் அடிமை தானாகச் சொன்னால் அது செல்லாது. அவனைச் சொந்தக்காரனிடமிருந்து பெற்று, மரக்குதிரை என்ற வதைச்சட்டத்தில் கட்டி, மூட்டு மூட்டாக இழுத்து வாங்கினால்தான் செல்லும். ஹெர்மியோவுக்கு அது தெரியாததல்ல. தன்னோடு சேர்த்து நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

கவிஞர் எங்கே என்று கேட்டான். விடியுமுன்பே கிளம்பிவிட்டாராம். மலைப்பக்கம் அத்தை வீடு இருக்கிறதாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நான்கு வருடம் அந்த மனிதரின் குரலைச் சுமந்ததை நினைத்தபோது கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

குழல் ஒலித்தது. மேடையேறினான். வாய் பழகிய வேலை, தானாகப் பேசியது. ‘நான்’ என்றான், ‘என் நாடகம்’ என்றான், ‘என் பகைவர்கள்’ என்றான். கடைசி வரிகள் வந்தபோது அந்த ‘நான்’ மட்டும் வாயில் வரமாட்டேன் என்றது.

“இத என்னைச் சொல்லச் சொன்னவர் கவிஞர் நூமிசியஸ்” என்றான். பிறகு வரிகளைச் சொன்னான்.

கூட்டம் பலகைகள் அதிரச் சிரித்தது. தளபதி மூத்த மகனிடம் காதைக் கொடுத்தார். மகன் தயங்கித் தயங்கித் திருப்பிச் சொன்னான். கவிஞர் பெயரையும் அவன் சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. அப்பாடா, இனி தேடப்படுகிறவர் அவர்தான் என்று ஹெர்மியோ நினைத்தான்.

தளபதி மெல்லத் தலையாட்டினார். பிறகு கையை நீட்டி மேடையைக் காட்டினார்.

“இவன் யாரோட ஆளு?” என்று உரக்கக் கேட்டார்.

சிரிப்பு முன்வரிசையில் முதலில் நின்றது. பிறகு அடுத்த வரிசையில், அதற்கடுத்த வரிசையில் என்று ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே பின்னால் போனது.