கிருபன் திரித்துவம் படிப்பித்த கதை

நோர்வேயின் ஹொல்ம்லியாவில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் கிருபனுக்குப் பஸ் ஓட்டுவது வேலை, வேதம் படிப்பிப்பது பெருமை. தமிழ்ச் சபையின் வியாழக்கிழமை வேதபாடத்தைப் பன்னிரண்டு வருடமாக அவர்தான் நடத்தி வந்தார். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. தான் அவ்வளவு தெளிவாக விளக்குவதுதான் காரணம் என்று அவர் மனதார நம்பியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், நீளப் பாவாடையும் நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டியுமாக இரண்டு இளம் பெண்கள் வந்து மணியடித்தார்கள். வீடு வீடாகப் போய்த் தங்கள் சபைக்கு ஆள் சேர்க்கும் மோர்மன் ஊழியக்காரிகள். அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் கதவைச் சாத்தியிருக்க, கிருபன் மட்டும் அகலத் திறந்தார்.

"உதயா, தேத்தண்ணி போடும். இண்டைக்கு இந்தப் பிள்ளையளை நான் நல்வழிக்குக் கொண்டுவாறன்" என்று மனைவி உதயகுமாரிக்குக் குரல் கொடுத்தார்.

தேத்தண்ணி வந்தது. தங்கள் சபையில் தேநீரும் கோப்பியும் குடிப்பதில்லை என்று பெண்கள் பணிவாகச் சொன்னார்கள். மூன்று கோப்பையையும் கிருபனே குடித்து முடித்தார்.

கதைத்தவள் சிஸ்டர் ஹான்சன் என்ற அமெரிக்கப் பெண். நோர்வேக்கு வந்து ஒரு வருடந்தான். அவள் பேசிய நோர்வேஜிய மொழி, கிருபனின் இருபத்தேழு வருட நோர்வேஜிய மொழியைவிடச் சுத்தமாக இருந்தது. அதுவே அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்.

"திரித்துவத்தை நம்புறியளோ?" என்று தொடங்கினார்.

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரையும் நம்புகிறோம். ஆனால் அவர்கள் தனித்தனியான மூவர். நோக்கத்தில்தான் ஒன்று. பிதாவுக்கும் சதையும் எலும்புமான உடம்பு உண்டு" என்றாள் அவள்.

கிருபனுக்கு உச்சி குளிர்ந்தது. இதைத்தானே எதிர்பார்த்திருந்தார்!

"பிள்ளை, இது சின்ன விஷயம். தண்ணி உறைஞ்சா ஐஸ், கொதிச்சா நீராவி. ஒரே பொருள்தான் மூண்டு விதமாய் வருது. கடவுளும் அப்பிடித்தான்."

சிஸ்டர் ஹான்சன் அதைக் கொப்பியில் எழுதினாள். பிறகு, கேலி துளியும் இல்லாமல் கேட்டாள்: "அப்படியென்றால் இயேசு ஞானஸ்நானம் பெற்று யோர்தான் ஆற்றில் நின்றபோது வானத்திலிருந்து பேசியது யார்? புறாவைப்போல இறங்கியது யார்? ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் உறைந்து, ஓடி, கொதிக்கவும் செய்ததா?"

உறைபனியில் எத்தனையோ தரம் பஸ் ஓட்டியிருக்கிறார். இப்படி ஒருநாளும் வழுக்கியதில்லை.

"சரி, என்னைப் பாரும். வேலையில சாரதி, வீட்டில புருஷன், சபையில ஆசிரியர். ஆள் ஒண்டுதானே?"

"அப்போ கெத்செமனே தோட்டத்தில் பிதாவை நோக்கி ஜெபித்த இயேசு, தனக்குத்தானே ஜெபித்தாரா?"

கிருபன் வெறுங்கோப்பையைத் தூக்கி இன்னொரு மிடறு குடித்தார்.

குசினி வாசலில் நின்ற உதயகுமாரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "பிள்ளை, கலியாணத்தைப் பற்றி உங்கடை சபை என்ன சொல்லுது?" என்று பேச்சை மாற்றினாள்.

சிஸ்டர் ஹான்சனின் முகம் மலர்ந்தது. "ஆலயத்தில் முத்திரையிட்ட திருமணம் மரணத்தோடு முடியாது. நித்தியத்துக்கும் நீங்கள் இருவரும் கணவன் மனைவிதான்!"

"இந்த மனுசனோடையோ? முடிவே இல்லாமலோ?" உதயகுமாரி கிருபனை மேலும் கீழும் பார்த்தாள். "வேண்டாம் பிள்ளை. சாவு பிரிக்கும் மட்டும் எண்டு எங்கடை சபையில சொல்லுறதே எனக்குப் போதும்."

அன்று கிருபன் தரப்பு வென்ற ஒரே வாதம் அதுதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் ஆனந்தராஜாவைப் பிடித்து நடந்ததைச் சொன்னார். தண்ணிக் கதை வந்ததும் போதகர் நெற்றியைத் தடவினார்.

"கிருபன், நீர் சொன்னது ஒரே ஆள் மூண்டு வேஷம் போடுறார் எண்ட போதனை. அதைச் சபை மூண்டாம் நூற்றாண்டிலேயே பிழையெண்டு தள்ளிப்போட்டுது. அந்த மோர்மன் ஆக்கள் மூவரையும் தனித்தனியாப் பிரிக்கினம். நீர் மூவரையும் ஒண்டாக் கலக்கிறீர். நாங்கள் சொல்லுறது, கடவுள் ஒருவர், ஆட்கள் மூவர். பிரிக்கவும் கூடாது, கலக்கவும் கூடாது."

"நான் இதைப் பன்னிரண்டு வருஷமாப் படிப்பிச்சனான், பாஸ்டர்."

"அப்ப பன்னிரண்டு வருஷமாய் ஒருத்தரும் கவனிக்கேல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

கிருபனுக்கு அந்த ஸ்தோத்திரம் வலித்தது. மோர்மன் பெண்ணுக்குத் தன் சபை எங்கே வேறுபடுகிறது என்று தெரிந்திருந்தது. தனக்குத் தன் சபையே தெரிந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை, பதினெட்டுப் பேருக்கு முன்னால் எழுந்து நின்று, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். முன்வரிசை அஜந்தா கையை உயர்த்தினாள்: "அண்ணை, அப்ப மூவர் எப்பிடி ஒருவராய் இருக்கிறது?"

"தெரியாது" என்றார் கிருபன். "விசுவாசிக்கிறன். ஆனால் விளங்கேல்லை."

உடனே இன்னும் நான்கு கைகள் எழும்பின. அன்று வகுப்பு முடிய வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் பிந்தியது. வீடு திரும்பும் ரயிலில் உதயகுமாரி சொன்னாள்: "உங்கடை வகுப்பில இண்டைக்குத்தான் நான் நித்திரை கொள்ளேல்லை."