மூன்றாவது இலை

யாங்சௌ நகரில் உப்பு விற்றுப் பணக்காரரானவர்களுக்கெல்லாம் கடைசியில் ஒரே வியாதிதான் வரும்: ரசனை. பாவ் துங்ஹாய்க்கு அது முற்றிப்போயிருந்தது. சூசௌவிலிருந்து பண்டிதர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்று, ஓவியர் ஃபெங் ஜிங்தான் போன மாதம் மையால் தீட்டிக் கொடுத்த ஆர்க்கிட் செடி ஓவியத்தைக் கூடத்தில் தொங்கவிட்டு, ஃபெங்கையும் முன்கூட்டியே வரவழைத்திருந்தார்.

ஃபெங் நிமிர்ந்து பார்த்தார். முகம் காது மடல் வரை சிவந்துபோனது.

மூன்றாவது இலை. அடியிலிருந்து ஒரே வீச்சில் எழுந்து, வளைகிற இடத்தில் தூரிகை உலர்ந்து, மைக்கு நடுவே தாளின் வெள்ளை கீற்றுக் கீற்றாகத் தெரிய ஓடிய கோடு அது. அந்த வெள்ளையில்தான் காற்று இருந்தது. அப்படி ஒரு கோடு விழ இருபது வருஷம் கை தேய வேண்டியிருந்தது. இப்போது அந்த இடம் கன்னங்கரேலென்று, வெங்காயத்தாள் மாதிரி கொழுத்துக் கிடந்தது.

பாவ் பெருமையாக விளக்கினார். பாதி இலையில் மை தீர்ந்துபோயிருந்ததை அவர்தான் கண்டுபிடித்தாராம். பின்தாள் ஒட்டிச் சுருளாக்கிய சியூவிடம் சொல்லி, உயர்ந்த மையாலேயே நிரப்ப வைத்தாராம். சியூவும் அங்கேதான் சுருளின் கயிற்றைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

"நீங்க மையில கஞ்சம் பிடிச்சீங்கன்னு நாலு பேர் பேசக் கூடாதில்ல?"

கீழே ஃபெங்கின் பெயர், சிவப்பு முத்திரை. பூவை வரைவதில்லை, கையெழுத்துப் போல ஒரே வீச்சில் எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்கிற ஓவியர் கூட்டம் ஃபெங்குடையது. விழுந்த கோட்டை மறுபடி தொடுகிறவன் அவர்களுக்குக் கடைப்பலகைக்கு வண்ணம் பூசுகிறவன். சூசௌக்காரர்களின் கண்ணில் முதலில் அந்த இலைதான் படும். கழற்றச் சொன்னார் ஃபெங். விருந்தாளிகளின் படகு துறைக்கு வந்தாயிற்று, இனி முடியாது என்றார் பாவ்.

"நீங்க போட்ட கையெழுத்து மெலிசா இருக்குன்னு வேற ஒருத்தன் அது மேல மை பூசித் தடிமனாக்கினா சும்மா இருப்பீங்களா?" என்று கேட்டார் ஃபெங்.

"அதெப்படி? அது மோசடி."

"அப்போ இது?"

"இது புல்லுதானே ஐயா."

ஃபெங் மைக்கல் கேட்டார். மனம் இறங்கிவிட்டார் என்று நினைத்து, பாவ் தன் கையாலேயே மை உரசிக் கொடுத்தார். ஓவியத்தைக் கழற்றாமல், நின்றபடியே, வெற்றிடத்தில் ஃபெங் எழுதினார்: 'மூன்றாவது இலை சுருள் ஒட்டும் சியூவினுடையது. மற்றவை என்னுடையவை.'

பாவ் கிட்டப் போய் அதைப் படித்தார். பேசியது சியூ.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் ஐயா. மொதலாளி கேக்கல. இனிமே எவன் என்கிட்ட படம் குடுப்பான்?"

தூரிகை அந்தரத்தில் நின்றது. அவன் சொன்னது நியாயம். கோபம் ஆள் மாறி விழுந்திருந்தது. எழுதியதை மறைத்துப் பூசினால் தனக்கும் பாவுக்கும் என்ன வித்தியாசம்? ஃபெங் மறுபடி மை தொட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'சியூ மறுத்தும், பாவ் துங்ஹாய் கட்டளையிட்டுச் செய்வித்தது.'

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. பாவ் பாய்ந்து போய், அகலமான பட்டு அங்கியின் கைகளை விரித்து ஓவியத்துக்கு முன்னால் நின்றுகொண்டார். வந்தவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு, அவர் நகர்வதற்காகக் காத்திருந்தார்கள்.