குரங்கு தலை தூக்கினால்

குரல் காதில் விழுந்ததும் நான் முதலில் குரங்குகளைத்தான் பார்ப்பேன். மனிதர்களைப் பார்த்தால் அவர்கள் திருப்பி என்னைப் பார்ப்பார்கள். அது தனித் தொல்லை. குரங்கு தலை தூக்கினால் சத்தம் ஊருக்குப் பொது. தூக்காவிட்டால் எனக்கு மட்டும்.

அன்று காலை ஐந்தருவியில், பெண்கள் பக்கம் அருவிக்குத் தலையைக் கொடுத்து நின்றபோது, "வித்யா, எல்லாரும் ஒன்னத்தான் பாக்காவ" என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கம்பிமேல் இருந்த குரங்கு, யாரிடமோ பறித்த சிப்ஸ் பாக்கெட்டில் மும்முரமாக இருந்தது.

இரண்டு வருஷமாக வாயைத் திறக்காத குரல் அது. மாத்திரையை ஒருவேளைகூட நான் விட்டதில்லை. பார்த்தாலே குமட்டும் என்பதால் அம்மா கையில் வைப்பாள், கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன். மருந்தும் என்னைக் கைவிட்டுவிட்டதா?

சொல்லவும் பயம். தென்காசி வீட்டில் என் அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் உண்டு. போன தடவை நோய் முற்றியபோது என் அண்ணன் தில்லைநாயகம் ஆசாரியைக் கூட்டிவந்து வைத்தது. இனிமேல் போடமாட்டேன் என்று சத்தியம் செய்தானே தவிர, கழற்றவில்லை. உள்ளே கிடந்து விடிய விடியக் கதவைத் தட்டியது இன்னும் மறக்கவில்லை.

மதியம் வீட்டுக்குத் திரும்பிச் சோற்றில் கை வைத்ததும், "திங்காத" என்றது. தட்டைத் தள்ளிவிட்டேன். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். இனி மறைத்துப் பயனில்லை.

"திரும்பக் கேக்குதுண்ணே."

அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா அழத் தொடங்கினாள்.

"சாரல் விழுந்ததுல இருந்து நான் அந்த மாத்திரையக் குடுக்கலய்யா. சத்து மாத்திரைதான் குடுத்தேன். பழைய மாத்திர ஒரே சூடு, பிள்ளைக்குக் கை ஒதறுது. சீசனுக்கு அருவில குளிச்சாலே பித்தம் தணிஞ்சிரும்னு சொன்னாவ..."

அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படியொரு நிம்மதி. மருந்து தோற்கவில்லை. எனக்கு அது வந்து சேரவே இல்லை.

"ஒனக்குக் கூறு இருக்காம்மா?" என்று கத்திவிட்டு அண்ணன் டாக்டருக்குப் போன் போட்டான். "பழைய மாத்திரைய இப்பவே போடச் சொல்லுதாரு. நாளைக்குக் கூட்டிட்டு வரணுமாம்."

அவனே எடுத்து நீட்டினான். இந்தமுறை கண்ணைத் திறந்து, நன்றாகப் பார்த்து விழுங்கினேன்.

"அந்தத் தாழ்ப்பாளு?"

"ஏட்டி, கிறுக்கு மாதிரிப் பேசாத," என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "போடமாட்டேன். போய்ப் படு."

என் அறையில் போய்ப் படுத்தேன். கூடத்தில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பேச்சு நின்றது. கண் சொருகும் நேரத்தில் கதவுப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். குரங்கு எதுவும் இல்லை. எனக்குள்தான் கேட்டிருக்க வேண்டும், எனக்குள்தான் கேட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுந்துபோய்க் கதவைத் தள்ளினேன்.

திறக்கவில்லை.