முன்வரிசையில் ஒரு தோள்

ஆல்பர்ட் சித்தப்பா முற்றத்தில் ஆட்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தி உயரம் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் சவப்பெட்டி சாயாமல் போக வேண்டுமென்றால் ஜோடி பொருந்த வேண்டும். வட அயர்லாந்தின் ஃபெர்மனாவில் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் பார்க்கமாட்டார்கள். வீட்டிலிருந்து எடுக்கும்போது முதல் ஆறு பேர் சொந்தக்காரர்கள். பிறகு சாலை நெடுக மற்றவர்கள் மாற்றி மாற்றித் தோள் கொடுப்பார்கள்.

"மெர்வின், நீ முன்னாடி என்கூட நில்லு."

மெர்வின் போய் நின்றான். அவனுடைய இடது கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. முற்றத்தில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பார்க்காதவர்களைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்தப் பல்வலிதான் எல்லாவற்றுக்கும் காரணம். மெர்வின் பகலில் பால் லாரி ஓட்டுவான். பண்ணைப் பாதைகளின் முனையில் வைத்திருக்கும் கேன்களை ஏற்றிக்கொண்டு பால் பண்ணைக்குப் போக வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை, பிரிட்டிஷ் ராணுவத்தின் உள்ளூர்ப் படைச் சீருடையைப் போட்டுக்கொண்டு சாலையை மறித்து வண்டிகளைச் சோதிப்பான். செவ்வாய்க்கிழமை காலை வலி தாங்காமல் அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தபோது அண்ணன் செசில், "நீ படு, நான் ஓட்டிட்டு வரேன். உன் மூஞ்சியப் பாத்தா பாலு திரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனான். செசில் பன்றி வளர்ப்பவன். துப்பாக்கியைத் தொட்டதில்லை. வேலிக்குப் பின்னால் துப்பாக்கியோடு காத்திருந்த கத்தோலிக்க ஆயுதக் குழுவினருக்கு லாரி தெரியும், தொப்பி தெரியும். அந்தச் சீருடை போட்டவன் வீட்டில் இருந்தாலும் வேலையில் இருந்தாலும் சுடலாம் என்பது அவர்களுடைய சட்டம். முகத்தைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். மெர்வினுக்குத் தலைப்பாகைக்குப் பதிலாக அண்ணன் போய்விட்டான்.

அன்றிலிருந்து அம்மா அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கையைப் பிடித்தபோது அவர்களோடு பேசினாள். பாதிரியாருக்குத் தேநீரில் எவ்வளவு சர்க்கரை என்று கேட்டாள். மெர்வின் உள்ளே வந்தால் மட்டும் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுக்கு இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் கண்ணெதிரே அண்ணனைத் தோளில் சுமந்து வாசலைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகாவது அவள் தன்னைப் பார்ப்பாள் என்று நம்பினான்.

சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு அம்மா வெளியே வந்தாள். ஈரக்கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"ஆல்பர்ட். அவன் வரல."

"யாரு அண்ணி?"

"மெர்வின். அவன் தூக்க வேண்டாம்."

மெர்வினுக்குக் காது சுட்டது. "அம்மா, அவன் என் அண்ணன்மா."

அவள் அவனைப் பார்க்காமல் சித்தப்பாவிடமே பேசினாள். "உள்ள வரச் சொல்லு. கைக்கு வேலை இருக்கு."

அந்தப் பக்கத்துப் பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. ஆண்கள் பெட்டியோடு நடப்பார்கள். பெண்கள் வீட்டில் இருந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவித் தேநீர் போட்டு வைப்பார்கள். சொந்த அண்ணனின் சாவன்று ஓர் ஆண்பிள்ளையை அடுப்படிக்கு அனுப்புவதைவிட அவள் அவனை எல்லோர் முன்னாலும் அறைந்திருக்கலாம்.

"பெரியம்மாவைச் சொல்லி என்ன பண்றது? யாரால போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாதா?" என்றான் சித்தப்பா மகன் நோர்மன், அடக்கமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு.

"வாய மூடுடா," என்றார் சித்தப்பா. பிறகு பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். நோர்மன் குள்ளம். மற்றவர்கள் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். வாசலோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மாலக்கி நின்றிருந்தார். அடுத்த வயல்காரர், கத்தோலிக்கர்; இவர்களுடைய புராட்டஸ்டன்ட் சர்ச்சுக்குள் கால் வைக்காதவர்.

"மாலக்கி, இங்க வா."

"அப்பா, அவங்க ஆளுங்கதானே..." என்று நோர்மன் ஆரம்பித்தான்.

"நான் உயரந்தான் பாக்கறேன்."

மாலக்கி வந்து நின்றார். தோளுக்குத் தோள் சரியாக இருந்தது. "சர்ச் கேட்டு வரைக்கும் தூக்கறேன், ஆல்பர்ட். உள்ள நான் வரமாட்டேன்னு உனக்கே தெரியும்."

"எங்க அப்பாவும் உங்க சர்ச் கேட்டுலதான் நின்னாரு. நட, உள்ள போய் எடுக்கலாம்."

மெர்வின் சமையலறைக்குப் போனான். அங்கே ஐந்தாறு பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஐரீன் சித்திதான் அவன் கையில் கத்தியைக் கொடுத்தாள்.

"கைய கழுவிட்டு வா. மெல்லிசா தடவுடா. பாதி ஜில்லா வந்து உக்காந்திருக்கு, நம்ம மாடு எவ்ளோதான் கறக்கும்."

ஒருத்தி சிரித்துவிட்டு, உடனே அழுதாள். முன்னறையில் பாதிரியாரின் குரல் கேட்டு நின்றது. கால்கள் நகரும் ஓசை, யாரோ "மெதுவா, மெதுவா" என்பது, அப்புறம் முற்றத்துச் சரளைக்கல்லில் பூட்ஸுகள் ஒரே சீராக மிதித்துப் போவது. திரை இழுத்திருந்த ஜன்னலைப் பார்த்தபடி மெர்வின் ரொட்டியில் தடவினான். ரொட்டி கிழிந்தது. அண்ணன் போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான், தான் இங்கே வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறோம் என்று நெஞ்சு வெடித்தது.

ஓசை சாலைக்குத் திரும்பியதும் அம்மா போய் முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பின்கதவையும் பூட்டினாள்.

"ஒலிவ் அக்கா, சாவு வீட்டுக் கதவ பூட்டக் கூடாது," என்றாள் ஐரீன் சித்தி.

"தெரியும்."

அவள் மேசையருகே வந்து மெர்வினை ஒட்டி நின்றாள். கன்னம் வீங்கிய பக்கம். அவன் கத்தியை அசைக்காமல் பிடித்துக்கொண்டான்.

"பாலத்துக்கிட்ட சாலை வளையுதில்ல," என்றாள். "ரெண்டு பக்கமும் புதரு. ராத்திரி பூரா எனக்கு அந்த எடந்தான் கண்ணுல."

யாரிடம் சொல்கிறாள் என்று முதலில் அவனுக்குப் புரியவில்லை.

"வழியெல்லாம் போலீஸ் நிக்கறாங்கம்மா."

"முன்வரிசையில நீ போவேன்னு சுட்டவனுங்களுக்குத் தெரியாதா? அப்பா இல்லாத வீட்டுல அண்ணன முன்னாடி யாரு தூக்குவான்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"உன் மூஞ்சியப் பாத்தா அழுதுடுவேன்னு பாக்கல," என்றாள். "அழுதா உன்னப் போக விட்டுடுவேன்."

அவனுடைய இடது சட்டைக்கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். விரல் மூட்டுகள் வெளுத்தன. பெண்கள் எல்லோரும் கோப்பைகளின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே துடைத்தவற்றையே மறுபடி துடைத்தார்கள். அம்மா பிடியை விடவில்லை. ஐரீன் சித்தி குனிந்து ரொட்டித் துண்டு நகராமல் இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள, மெர்வின் ஒற்றைக் கையால் வெண்ணெய் தடவினான்.