ஹாலில் கிடந்த யெஸ்டி

வளனைக் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு நடத்திக்கொண்டு போகும்போது எலிசாவின் கால் பெருவிரல் ஹாலில் கிடந்த பைக் இன்ஜினில் இடித்து நகம் பெயர்ந்தது. கணவனின் முழுப் பாரமும் அவள் தோளில் இருந்ததால் குனிந்து பார்க்கக்கூட முடியவில்லை. அவனை உள்ளே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி, சுவரில் சாய்ந்துகொண்டு ரத்தத்தைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. இந்த இரும்பு இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் அவர்கள் குடியிருந்தது வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு சமையல் அறை, பின்னால் துணி துவைக்கும் இடம். வளன் கல்லூரி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். எலிசா பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. ஒலக்கூரில் வளனின் அண்ணன் பாக்கியசாமியின் மோட்டார் கொட்டகையில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு அடியில் யாரோ எப்போதோ விட்டுப்போய்த் துருப்பிடித்துக் கிடந்த யெஸ்டி பைக் ஒன்றைப் போன வருஷம் வளன் கேட்டு வாங்கி வந்தான். வீட்டிலேயே வைத்து மறுபடி ஓட வைக்கப் போவதாகச் சொன்னான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். இன்ஜினைத் தனியாக, சக்கரங்களைத் தனியாக, நட்டும் போல்ட்டும் பெயிண்ட் டப்பாக்களில் தனித்தனியாக. பெட்ரோல் டேங்க் பீரோவின் மேல் ஏறியது. சட்டம் சுவரோரம் சாய்ந்து நின்றது.

எல்லாவற்றையும் கழற்றி முடித்த பிறகுதான் அது நடந்தது. தை மாதத்தில் ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவன் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே சரிந்தான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்துவிட்டான். வலது கையும் வலது காலும் பாதிதான் திரும்பி வந்தன. பேச்சு வந்தது, ஆனால் வார்த்தைகள் இடம் மாறி வந்தன. தண்ணீர் கேட்க நினைத்தால் "சாவி" என்பான். தவறாகச் சொல்லிவிட்டது அவனுக்கே தெரியும். உடனே இடது கையால் நெற்றியில் அடித்துக்கொள்வான். அதைப் பார்ப்பதுதான் எலிசாவுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

நகம் பெயர்ந்த அன்றே அவள் ஒலக்கூருக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாக்கியசாமி வந்தார். பின்னாலேயே பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் குட்டியானை வண்டியோடு வந்து நின்றார். கடைக்காரர் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வட்டத் தகடுகள் கோத்திருந்த ஒரு கம்பியை முதலில் கையில் எடுத்தார்.

"தோசை!" என்று கத்தினான் வளன். "தோசை! தோசை!"

"பசிக்குது போல, சாப்பாடு கேக்குறாரும்மா" என்றார் கடைக்காரர்.

வளன் பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துச் சுவரில் அடிக்கத் தொடங்கினான். காரை உதிர்ந்தது. அடித்துக்கொண்டே அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அவன் அப்படி அழவில்லை. எலிசா போய் அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். பிறகு கடைக்காரரிடம், "அத வச்சிடுங்க. வேணாம், போய்ட்டு வாங்க" என்றாள்.

வண்டி போனதும் பாக்கியசாமி தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, இன்னா பேஜாரு இது. முழு வண்டியா இருந்தா நாளைக்கே ஒருத்தன் வந்து ஓட்டிக்கினு போவான். இப்பல்லாம் பழைய வண்டின்னா அடிச்சிக்கிறானுங்க. இப்படிப் பிச்சிப் போட்டு வச்சிக்கினு இருந்தா வெறும் இரும்புதான்."

"முழுசா பூட்டினா போயிடுமா மாமா?"

"போயிடும். யாரு பூட்டுறது? இத ஆரு பிரிச்சானோ அவனுக்குத்தான் தெரியும், எது எங்கன்னு."

எலிசா கட்டிலைப் பார்த்தாள். வளன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்படித்தான் அவள் அந்த வேலையில் இறங்கினாள். ஆசையில் இல்லை. அதை வீட்டைவிட்டு வெளியேற்ற வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சோறு வடித்துவிட்டு, பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்காருவாள். வளனை நாற்காலியில் உட்கார வைப்பாள். அவன் இடது கையை நீட்டிக் காட்டுவான். அவள் எடுப்பாள். அது இல்லை என்று தலையாட்டினால் அடுத்ததை எடுப்பாள். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று டீசலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் டீசல் வாடை போகவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை நீட்டும்போது ஆட்கள் அவள் நகங்களைப் பார்த்தார்கள்.

கிளட்ச் பூட்டும் அன்றைக்குத்தான் தோசை என்றால் என்ன என்று அவளுக்கு விளங்கியது. இரண்டு வகைத் தகடுகள். ஒன்று வெறும் இரும்பு, மற்றொன்றில் பழுப்பு நிறத்தில் கார்க் ஒட்டியிருந்தது, ஓரம் முறுகின மாதிரி. வளன் அதைக் காட்டி "தோசை" என்றான். இரும்பைக் காட்டி "தட்டு" என்றான்.

"தட்டு மேல தோசையா?"

அவன் வேகமாகத் தலையாட்டினான். தோசை, தட்டு, தோசை, தட்டு என்று அவள் அடுக்கினாள். நடுவில் எங்கோ இரண்டு தட்டுகளைச் சேர்த்துப் போட்டுவிட்டாள். கவனிக்காமல் மூடியையும் வைத்துத் திருகத் தொடங்கினாள். வளன் என்னென்னவோ சொன்னான். மணி, பூனை, குடை என்று சம்பந்தமே இல்லாத வார்த்தைகள். அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் அவன் மடியிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வீசினான். அது அவள் தோளை உரசிக்கொண்டு போய் விழுந்தது.

எலிசா எழுந்தாள். கையைக்கூடத் துடைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்நாயகியிடம், "அக்கா, அவரக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் நடந்தாள். எங்கே போவதென்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். செஞ்சி பஸ் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்ததும் வந்து போனது. ஏறிப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. போய் இறங்கினால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று அடுத்த நினைப்பு வந்தது. டீ வாங்கிக் குடித்தாள். திரும்பி வந்தபோது வளன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கிளட்ச் மூடி திறந்திருந்தது. ஒற்றைக் கையால் திருகாணிகளைக் கழற்றி, தகடுகளைச் சரியாக அடுக்கி வைத்திருந்தான். சட்டை முழுக்க வியர்வை.

அவன் அவளைப் பார்த்து "மன்னி" என்றான். அடுத்த எழுத்து வரவில்லை.

"சரி வுடுங்க" என்றாள் எலிசா. "ரெண்டு பேருக்கும் பசி. அதான்."

இன்ஜின் சிலிண்டர் தேய்ந்திருந்தது. உள்ளே லேத்தில் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டால்தான் ஆகும் என்றார் தெருமுனை மெக்கானிக். அது விழுப்புரத்தில்தான் முடியும். எலிசா கடைக்கு லீவு சொல்லி, வளனைத் தையல்நாயகியின் பார்வையில் விட்டுவிட்டு, சிலிண்டரைக் காய்கறிக் கூடையில் வைத்துத் துண்டு போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். கூடை மடியில் கனத்தது. பஸ் ஊரைத் தாண்டி ஹைவேயில் ஏறியதும் காற்று வந்தது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. அவள் யாரையும் தூக்க வேண்டியிருக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று உணர்ந்தாள்.

விழுப்புரத்தில் லேத் பட்டறை வைத்திருந்த பச்சைமுத்து சிலிண்டரை வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"வூட்டுக்காரர் வர்லியாம்மா?"

"அவருக்கு முடியலங்க."

"அப்ப ஆரு பூட்டுறது?"

"நான்தான்."

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, கூடையை அணைத்துக்கொண்டு நல்ல தூக்கம். கண்டக்டர் எழுப்பியபோது திண்டிவனம் தாண்டி அச்சிறுபாக்கம் வந்திருந்தது. "எத்தன தரம் கூவுறதும்மா, திண்டிவனம் திண்டிவனம்னு" என்று சலித்துக்கொண்டார். ரோட்டோரத்தில் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். வளன் எடுத்தான். அவனால் போனில் பேச முடியாது. மூச்சு மட்டும் கேட்டது.

"தூங்கிட்டேங்க. ஊரத் தாண்டி வந்துட்டேன். வந்துக்கினுதான் இருக்கேன்" என்றாள். அந்தப் பக்கம் வெகுநேரம் மூச்சுச் சத்தம். பிறகு "மெதுவா" என்றான் வளன். சரியான வார்த்தைதான்.

இன்ஜினைச் சட்டத்தில் ஏற்றும் அன்றைக்குப் பாக்கியசாமி வந்து ஒரு பக்கம் தூக்கினார். சக்கரங்கள் சேர்ந்தன. செயின் ஏறியது. டேங்க் பீரோவிலிருந்து இறங்கியது. பெயிண்ட் எதுவும் அடிக்கவில்லை. துருவைத் தேய்த்து எண்ணெய் தடவியதோடு சரி.

ஸ்டார்ட் செய்வதற்கென்று ஒரு மாலை நேரம் வண்டியை வாசலுக்குத் தள்ளி சென்டர் ஸ்டாண்டு போட்டார்கள். ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றினார்கள். பாக்கியசாமி வலது பக்கம் கிக்கரைத் தேடினார்.

"எங்கம்மா கிக்கரு?"

வளன் இடது பக்கத்தைக் காட்டினான். யெஸ்டியில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றுதான். உள்ளே தள்ளி மேலே தூக்கினால் கிக்கர். பாக்கியசாமி உதைத்தார், மறுபடியும் உதைத்தார், மூச்சு வாங்க நின்றார். அப்போது வளன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். நான், என்று.

"இன்னாடா நீ? விழுந்து கிழுந்து வைக்காத" என்றார் அண்ணன்.

"ஏத்தி வுடுங்க மாமா" என்றாள் எலிசா. "எடது காலு நல்லாத்தான் இருக்குது."

இரண்டு பேரும் சேர்ந்து அவனைச் சீட்டில் உட்கார வைத்தார்கள். அண்ணன் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆக்ஸிலேட்டர் வலது கைப்பக்கம். அந்தக் கை அவனுக்குக் கேட்காது. எலிசா அதைப் பிடித்தாள். வளன் இடது காலால் கிக்கரை மெதுவாக ஒருமுறை அழுத்திப் பார்த்தான். அவளைப் பார்த்துக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமாகப் பிரித்துக் காட்டினான். கொஞ்சமாகத் திருக வேண்டும். அவள் திருகினாள். உதைத்தான். ஒன்றுமில்லை. மறுபடி. ஒரு இருமல். அடுத்த உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. இரண்டு சைலன்சரிலிருந்தும் வெள்ளைப் புகை தெருவை மூடியது. தையல்நாயகி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். பாக்கியசாமி "அடேய்! அடேய்!" என்று தம்பியின் முதுகில் தட்டினார். வளன் சிரித்தான். முகத்தின் ஒரு பக்கம்தான் சிரித்தது, ஆனாலும் சிரிப்பு.

எலிசாவும் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். அவளுக்குத் தோன்றியதெல்லாம் எங்கேயாவது படுக்க வேண்டும் என்பதுதான்.

விழுப்புரத்திலிருந்து சீனுவாசன் என்பவர் வந்தார். பேங்க் வேலை, பழைய வண்டிகளில் பைத்தியம். பச்சைமுத்து சொல்லி அனுப்பியிருந்தார். வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, வாய் ஓயாமல் புகழ்ந்து, விலையும் பேசி முடித்தார். வளன் தகராறு செய்வான் என்று எலிசா பயந்துகொண்டிருந்தாள். அவனோ சாவியைத் தானே எடுத்துச் சீனுவாசன் கையில் வைத்தான். கிளம்பும்போது அவர், "சார், எங்க மாமனார் வூட்ல, வல்லத்துல, ஒரு ராஜ்தூத் பைக்கு, பிரிச்சு மூட்ட கட்டிக் கெடக்குது. அதையும் இப்படி ஆக்கித் தர்றீங்களா?" என்றார்.

"கொண்டா" என்றான் வளன். தடுமாறவே இல்லை.

"வேணாங்க" என்றாள் எலிசா. "நீங்க போய்ட்டு வாங்க சார்."

அன்றைக்கு ஹால் காலியாக இருந்தது. வளன் கோலை ஊன்றிக்கொண்டு ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை தனியாக நடந்தான். எலிசா தரையில் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு முடியலங்க. அது வூட்ட வுட்டுப் போவணும்னுதான் பூட்டினேன். உங்களுக்கு அது இன்னான்னு எனக்குத் தெரியுது. ஆனா என்னால இன்னொரு தரம் முடியாது."

வளன் நின்றான். தலையை ஆட்டினான். போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அடுத்து வந்த நாட்களில் அவன் எதையும் கேட்கவில்லை. எதையும் தவறாகச் சொல்லவும் இல்லை, பேசினால்தானே தவறு வரும். தையல்நாயகி வந்து பேச்சுக் கொடுத்தாலும் தலையை மட்டும் ஆட்டினான். எலிசா கடையிலிருந்து வரும்போதெல்லாம் அதே ஜன்னல், அதே முகம்.

ஒரு நாள் மருந்துக் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் அவள் பாக்கியசாமிக்குப் போன் செய்தாள்.

"மாமா, யெஸ்டி வாங்குனவரு ஒரு ராஜ்தூத் வண்டியப் பூட்டித் தரச் சொன்னாரே, அத உங்க மோட்டார் கொட்டாய்ல போட்டுக்கலாமா?"

"ஏம்மா, உனக்கு இன்னும் புத்தி வர்லியா?"

"நான் வர மாட்டேன். நீங்க ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் ஆட்டோல அவரக் கூட்டிக்கினு போங்க. சாயங்காலம் கொண்டாந்து வுடுங்க. பூட்டுறது, கழட்டுறது எல்லாம் அவரும் நீங்களும்."

"எனக்கு இன்னா தெரியும்?"

"எனக்கு மட்டும் இன்னா தெரிஞ்சிது?" என்றாள் எலிசா.

அவர் கொஞ்ச நேரம் முனகினார். பிறகு சரி என்றார்.

சீனுவாசன் மூட்டையை ஒலக்கூரில் இறக்கிவிட்டுப் போன பிறகு, முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வந்தது. எலிசா வளனுக்கு வேட்டியை இறுக்கிக் கட்டி, மாத்திரையையும் சாப்பாட்டுக் கேரியரையும் பையில் வைத்துக் கொடுத்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். ஏதோ சொல்லப் பார்த்தான். "சாயங்காலம் வந்து சொல்லுங்க" என்றாள்.

ஆட்டோ திரும்பியதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். கோயிலுக்குக் கட்டிய புடவையைக்கூட மாற்றாமல், ஹால் நடுவில் பாயை விரித்து, ஃபேனை வேகமாக வைத்துப் படுத்தாள். கண் அசந்த நேரத்தில் போன் அடித்தது.

"எலிசாம்மா, மூட்டையப் பிரிச்சிட்டோம். இவன் முருங்கக்கா, முருங்கக்காங்குறான். இன்னாம்மா அது?"

"தெரியாது மாமா. கையக் காட்டச் சொல்லுங்க" என்றாள். போனை ஆஃப் செய்து பாய்க்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கமாகப் புரண்டு படுத்துக்கொண்டாள்.