ஈரத்துணியில் ஒரு மேடு

...ஆக இரண்டு முளைகள் பிடுங்கிக்கொண்டுவிட்டன, மூன்றாவது ஆடிக்கொண்டிருக்கிறது, இன்னொரு காற்று வந்தால் தங்கையின் பச்சைக் கூடாரம் பறந்துபோய் மேடையில் டிரம்ஸ் வாசிக்கிறவன் தலையில் விழும், விழட்டுமே, அவனும் ஒரு மணி நேரமாக யாரையோ கொல்லுகிற மாதிரித்தான் அடித்துக்கொண்டிருக்கிறான், டம் டம் டம் டம், நாலாவது அடி மட்டும் நேராக நெஞ்செலும்புக்குள் வந்து இறங்குகிறது, திடல் முழுக்கச் சேறு, சேற்றுக்குள் ஆயிரம் பேர் குதிக்கிறார்கள், சாயங்காலம் நாலு மணிக்கே வானம் இப்படிக் கறுத்துக்கொண்டு... கொண்டுவந்த ரப்பர் சுத்தி முதல் நாளே சேற்றில் தொலைந்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்துத் தாடிக்காரனிடம் அவன் போய்க் கேட்டான். தாடிக்காரன் இரும்புச் சுத்தியல் ஒன்றை எடுத்து நீட்டி, திருப்பிக் குடுத்துடுங்க ப்ரோ, போன வருஷம் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார், இன்னும் டென்ட் அடிச்சிட்டே இருக்கார்போல, என்றான். பதிலுக்குச் சிரித்துவைத்தான். பிடி வழவழவென்று இருந்தது. நல்ல கனம். சேற்றில் இறங்குகிற முளைக்கு இவ்வளவு கனம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது, எதற்கு என்று அதே கணத்தில் தெரியவும் தெரிந்தது.

ஏழு வாரம். அன்றைக்கு எக்ஸ்ரே அறையில் அவன்தான் வேலையில் இருந்தான், தங்கை இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டு வந்தாள், பாத்ரூம்ல வழுக்கிட்டேண்ணா, கையை ஊனிட்டேன் என்றாள், அவனும் சரி சரி என்று பலகைமேல் கையை வைத்து, ஆடாதே, மூச்சை விடாதே என்று ஊரில் எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொல்லி, கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினான். அவள் சொன்னது பொய் என்று திரையில் தெரிந்தது. ஊன்றி விழுந்தால் மணிக்கட்டில் உடையும். இது முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. தலையில் விழ வருகிற ஒன்றைக் கை உயர்த்தித் தடுத்தால் உடைகிற இடம். கலவரத்தில் தடியடி வாங்கியவர்களுக்குப் பார்த்திருக்கிறான், ஒரே நாளில் பதினோரு பேருக்கு. அதற்கு இரண்டு விரற்கடை மேலே இன்னொரு முறிவு, பழையது, யாரிடமும் காட்டாமல் தானாகக் கோணலாகச் சேர்ந்துகொண்ட எலும்பு... அவ்வளவு நாளும் அவள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து போனாளே, எத்தனை ஞாயிற்றுக்கிழமை, அப்போது நீ என்னடா பார்த்துக்கொண்டிருந்தாய்? எலும்பைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிறவன். அன்றைக்கும் என்ன சொன்னாய்? நல்லா ஆறிடும்மா என்று சொன்னாய். வெளியே மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார், வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார், அது ஒரு ஸ்டைல் என்று நினைத்திருந்தான், மச்சான், உங்க தங்கச்சிக்கு வழுக்காத செருப்பு ஒண்ணு வாங்கித் தரணும் என்றார்.

கட்டுப் பிரித்த வாரத்தில் அவரே மூன்று டிக்கெட் எடுத்தார். மூணு நாள் பாட்டு, கூடாரம், நீங்களும் வாங்க மச்சான். வந்தான். எப்படியும் பேசிவிடலாம் என்று வந்தான், முதல் நாள் மழை, இரண்டாம் நாள் மழை, இன்றைக்கு மூன்றாம் நாள், வாயைத் திறந்தால் வானிலையைத் தவிர வேறு வருவதில்லை. காலையில்கூட மாப்பிள்ளை நனைந்த தலையணையைப் பிழிந்து காட்டி, டென்ட் நீங்க அடிச்சதுதானே மச்சான், சரிவுப் பக்கம் நான் படுத்திருக்கேன்னு தெரிஞ்சே குறி வச்சு ஓட்டை போட்டீங்களா, என்றார், தங்கை முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், அங்கே சிரிப்பு இருக்கிறது என்று உறுதி பண்ணிக்கொண்ட பிறகு சிரித்தாள்... சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் படுக்கப் போனார்கள். இப்போது அவன் சரிவுப் பக்கம் வந்து முட்டி போட்டபோது, நனைந்து ஒட்டிய துணியில் ஒரு மேடு. உள்ளேயிருந்து சாய்ந்திருக்கிற தலை. சரிவுப் பக்கம்.

காதுக்கு மேலே எலும்பு ரொம்ப மெல்லிசு. அவனுக்கு அது தெரியும், பத்து வருஷமாகத் தெரியும், ஒரே அடி போதும், முட்டை ஓடு மாதிரி உள்ளே போகும், விரிசல் நட்சத்திரமாகப் பிரியும், துணிக்கு உள்பக்கம் சிவப்பு பரவும், மழை வெளிப்பக்கம்தானே கழுவும்... டிரம்ஸ் சத்தத்தில் யாருக்குக் கேட்கும், மூன்று நாளாக எல்லோரும் எதையாவது அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நாலாவது அடியோடு சேர்த்துப் போட்டால் தாளத்தில் ஒன்றாகப் போய்விடும். கையை ஓங்கினான். தோள் தானாகப் பின்னுக்குப் போனது, இவ்வளவு சுலபமா, இது ஏதோ பழகின வேலை மாதிரி. ஒன்று. பின்னால் சேற்றில் மாட்டிக்கொண்ட ஜீப்பை யாரோ உறுமவிட்டார்கள். இரண்டு. ஜீப்பின் விளக்கு எரிந்து, அவன் நிழல் முழுசாகக் கூடாரத்தின்மேல் விழுந்தது, தூக்கிய கையும் அதன் நுனியில் சுத்தியலும். மூன்று. மேடு அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு கை எழுந்து தலையை மூடிக்கொண்டது, அவசரமே இல்லாமல், கொட்டாவிக்கு வாயை மூடுகிற மாதிரி, முன்கை வெளிப்பக்கமாக. ஈரத்துணி அதன்மேல் ஒட்டியது. நடுவில் லேசான கோணல்.

நாலாவது அடி விழுந்தது, மேடையில்.

தூங்கலங்க, சும்மா படுத்திருந்தேன், என்றது உள்ளேயிருந்து தங்கையின் குரல்.

பக்கம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். ஒழுகுகிற பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டு காய்ந்த பக்கத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறாள், வேறென்ன செய்வாள், உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா, சின்ன வயதில் ஜன்னலோரம் யாருக்கு விட்டுக்கொடுத்தாள்... சேற்றில் சளக் சளக்கென்று காலடி, மாப்பிள்ளை அட்டைத் தட்டில் மூன்று டீயை வைத்துக்கொண்டு வந்தார், தலையெல்லாம் சொட்டச் சொட்ட. க்யூல அரை மணி நேரம் மச்சான், டீயில பாதி மழைதான், சர்க்கரை கேட்டா முறைக்கிறான், என்றார். ஜிப்பை இழுத்துக்கொண்டு தங்கை தலையை நீட்டினாள். அவரைப் பார்த்தாள். பிறகு அண்ணனை, பிறகு அவன் கையில் இருந்ததை, பிறகு தன் தலை இருந்த இடத்தை. முளை அடிக்க வந்தேம்மா என்றான். தெரியும்ண்ணா என்றாள், சிரித்தாள். காலையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு. அதை அவன் எப்போதும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறான். நேராக வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தெரியாது. பிடிங்க மச்சான், ஆறுது, என்று மாப்பிள்ளை ஒரு டீயை நீட்ட, அவன் இடது கையால் வாங்கிக்கொண்டான். வலது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தங்கை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். மெல்ல, அவள் கவனிக்காதபடி, அந்தக் கையை மழைக்கோட்டின் பைக்குள் விட்டுக்கொண்டான், சுத்தியலோடு.